எலுமிச்சம்பழம் எரிந்த கை

நர்ஸம்மா மரகதம் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் என் எண்ணெய்க் கடையில் அவருக்காகத்தான் விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஜட்கா வண்டிக்கார மாரப்பன் வாசலில் வந்து நின்றான். "அண்ணா, அடுப்பை அணைச்சுப்போடுங்க. இனி அவங்க வரமாட்டாங்க" என்றான். நான் அணைக்கவில்லை. மெழுகு பாதிதான் கரைந்திருந்தது. பாதியில் இறக்கினால் கட்டி தட்டிவிடும் என்று கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. ஆகவே அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அதற்கு மருந்து கிண்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு வாய்த்த ஒரே வைத்தியப் பட்டம் அது.

பிரசவம் பார்க்கிற கை எத்தனை முறை மருந்துத் தண்ணீரிலும் சவுக்காரத்திலும் முங்கி எழும் என்று நமக்குத் தெரியாது. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்து என்ன, பாலக்காட்டுப் பக்கமாக வீசுகிற வறண்ட காற்று விட்டுவைக்குமா? மார்கழி பிறந்தால் விரல் மடிப்பெல்லாம் பிளந்து ரத்தம் எட்டிப் பார்க்கும். மடித்த சேலையை உதறினால் நூல் விரலில் மாட்டிக்கொண்டு 'சரக்' என்று ஒரு சத்தம் வரும். வேலையில்லாத நேரத்தில் சவுக்காரத்தைத் தொடமாட்டார், கடலைமாவுதான். படுக்கும்போது என் மெழுகைப் பூசி, பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்வார். ஒருமுறை என் காலைப் பார்த்துவிட்டார். குதிகாலில் காசு சொருகலாம், அப்படி ஒரு வெடிப்பு.

"ஏனுங்கண்ணா, எண்ணெய்க் கடையில உக்காந்துகிட்டு இப்படி ஒரு காலா? வர்றவங்க பாத்தா உங்ககிட்ட எண்ணெய் வாங்குவாங்களா?"

அன்றிலிருந்து கல்லாவில் காலை மடக்கித்தான் உட்காருகிறேன். பூசுவது என்னவோ இன்றைக்கும் மறந்துபோகிறது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிரசவத்துக்கு ஆள் வந்தால் முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கையிலும் பிழிந்து தேய்ப்பார். எங்காவது எரிந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். "கண்ணுக்குத் தெரியற வெடிப்ப நான் பாத்துக்குவேனுங்க. தெரியாததுதான் ஆளைக் கொல்லும். அது வழியாத்தான் அவங்க சீக்கு எனக்கு வரும்" என்பார். எரிந்தால் போகமாட்டார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு நர்ஸை அனுப்பிவைப்பார். பெரிய பண்ணையத்துக்காரர் ஒருவர் வில்வண்டியோடு வந்து நின்று கோபப்பட்டபோதும் அப்படித்தான். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு நாளைக்கும் கை வேணுமுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

எனக்கு மூன்றும் பெண்கள். மூத்தவள் பிறந்தபோது உள்ளே அவள் அழுதாள், வெளியே நான் மயங்கி விழுந்தேன். நர்ஸம்மா குழந்தையைத் துடைத்துக் கிடத்திவிட்டு வந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். மூன்றாமவள் பிறந்தபோது சேனை வைக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்களே, அதற்குத்தான். நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றேன். என் சம்சாரம் படுத்தபடியே, "இவளாச்சும் தைரியமா வளரட்டும். நர்ஸம்மா, நீங்களே வையுங்க" என்றாள்.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையிலயா அம்மணி? நாக்கைக் கீறிப்போடும்." பிறகு ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, "இது ஒண்ணு தேறும்" என்று சுண்டுவிரலைத் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைத்தார்.

இந்த மார்கழியில் ஒருநாள் காலை, சிங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு மில் தொழிலாளி மாரப்பனின் வண்டியில் வந்து இறங்கினான். சம்சாரத்துக்கு வலி கண்டு பிள்ளை இறங்கவில்லை, காய்ச்சல் வேறு கொதிக்கிறது என்றான். பெரிய ஆஸ்பத்திரியின் அந்த இன்னொரு நர்ஸும் ஊருக்குப் போயிருந்தார். நர்ஸம்மா என் கடைப்படியில் நின்றுதான் பழத்தை அறுத்தார். பிழிந்தார், தேய்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் படியை அழுத்தியது.

"எரியுதா அம்மணி?"

"எரியுதுங்கண்ணா."

"அப்புறம்?"

அவர் அந்த ஆளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மூன்று தடவை நான் போட்டுக்கொண்டு நின்ற முகம். "கொஞ்சம் மெழுகு குடுங்க" என்றார். கொடுத்தேன். வெடிப்புகளில் அழுத்தி அடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளைக்கு என்னால ஒண்ணும் வராதுங்க. வந்தா எனக்குத்தான்" என்று சொல்லி வண்டியில் ஏறினார். ஏறும்போது முந்தானை நூல் விரலில் மாட்டி, 'சரக்' என்றது.

தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நர்ஸம்மாவுக்கு விரல் வீங்கி, அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

பழத்தின் மூடியைப் படியிலிருந்து நான் எடுக்கவில்லை. காய்ந்து சுருண்டு அங்கேயே கிடந்தது. ஒருநாள் யாரோ கூட்டிவிட்டார்கள். வாசம் போகவில்லை. கடை திறக்கும்போது யாரோ அந்தப் படியில் நிற்பது போலிருக்கும். வருகிற பெண்கள் சேலையைச் சரிசெய்தால் நான் அளக்கிற எண்ணெயை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன். என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை, வயசாச்சு என்கிறேன்.

சேதி வந்த அன்று காய்ச்சிய மெழுகு டப்பாவில் அப்படியே இருந்தது. யாருக்கும் விற்க மனம் வரவில்லை. போன வாரம் சாப்பிட உட்கார்ந்து, சாதத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்தபோது கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். எதிரே இருந்த சின்னவள் பார்த்துவிட்டாள்.

"எரியுதாப்பா?"

"எரியுது கண்ணு."

அவள் எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்து வந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. சுண்டுவிரலால் தொட்டு, என் விரல் மடிப்பில் மெதுவாகத் தடவினாள். அந்த விரல் கொஞ்சமும் கீறவில்லை. நர்ஸம்மாவிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.