மெஷின் விற்க வந்தவரின் டீ

காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷினோடு எண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், தன் டையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனைவிக்கு அன்று மூச்சிரைப்பு. அதனால்தான் உள்ளே விட்டேன். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினை ஓடவிட்டார்.

சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டி, இரைப்போடேயே மனைவி கேட்டாள்: "இன்னா அண்ணாத்தே, கம்பெனி பொக அப்டிக்கா வந்துகினே கீது. எண்ணூரு காத்து பூரா இது ஒண்ணே சுத்தம் பண்ணிடுமா?"

அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "வாங்காதீங்கம்மா. மெஷினுக்கு இழுப்பு வந்துடும்."

ஆனாலும் அதை நிறுத்தவில்லை. அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, டீ ரொம்பச் சூடு என்று ஊதி ஊதிக் குடித்தார். இரைப்பு அடங்கி அவள் கண்ணயர்ந்த பிறகுதான் டம்ளர் காலியானது.

நான் கொடுத்ததோ, காலையில் போட்டு ஆறிப்போன டீ.