கையகலப் போர்வை

போன வாரம் மருமகள் தன் செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். எங்கேயோ குளிர் தேசத்தில் நாலைந்து பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கையகலத்துக்குப் போர்வை தைத்து ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்கிறார்கள். பூப்போட்ட துணி, கோடுபோட்ட துணி, மேலே நுணுக்கமான ஓட்டுத்தையல்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க அத்த? பூனக்குட்டிக்குக்கூட போத்த முடியாது" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன். நாங்களும் இதைத்தான் செய்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லலாம், அலுத்தால் நீங்களே மூடிவைத்துவிடுவீர்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேடீஸ் டெய்லர் கடை. மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடத்தில் மூன்று மிஷின்கள். கடைக்கார அம்மா அளவெடுத்து வெட்டுவார், நாங்கள் மூன்று பெண்கள் தைப்போம். காலையில் கதவைத் திறந்தால் மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் என் கால் தன்னால் மிதிக்கப் பார்க்கிறது. போன தீபாவளிக்கு அப்படி மிதித்து, முன்னால் நின்றவர் செருப்பைப் பதம் பார்த்துவிட்டேன்.

நான் டவுன்காரி. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார், வேறெங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பம். செல்விக்கு நைனார்பாளையம் பக்கம் கிராமம். கொஞ்சம் நிலம், கரும்பு, ஒரு அண்ணன். அஞ்சலை சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரின் காலனியிலிருந்து வருவாள். அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள்.

ஆரம்பித்துவைத்தது அஞ்சலைதான். கடையில் இருந்த கரி இஸ்திரிப் பெட்டியின் பிடி கையைச் சுடும். அதைப் பிடிக்க வீட்டிலிருந்து ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா பழம்புடவைகளை அடுக்கிப் போர்வை தைப்பாராம், அதே மாதிரி அடுக்கு, அதே தையல், அளவு மட்டும் கையகலம். செல்வி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்ய, போர்வ குட்டி போட்டிருக்குது!" என்றாள். அன்றிலிருந்து அதற்குக் குட்டிப்போர்வை என்று பேர்.

அப்புறம் மூவருக்கும் அது ஒரு பைத்தியமாகிவிட்டது. அமாவாசைக்குக் கடை லீவு. அதற்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்வோம். விதியெல்லாம் அஞ்சலை வைத்ததுதான். "கடத்துணி கூடாது. அவங்கவங்க வூட்டுத் துணிதான். வாங்கிக்கினா குடுக்கணும்." வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்ப்பாள். என்னுடையதைப் பார்த்து, "கோழி கௌறி வச்சாப்பல கீது" என்பாள். பொய் இல்லை, அப்படித்தான் இருக்கும்.

ஒருவர் வீட்டை ஒருவர் அப்போது பார்த்ததில்லை. துணியில்தான் தெரியும். செல்வி அம்மாவின் சுங்குடிப் புடவை, அவள் அண்ணனின் நீலக்கட்டம் போட்ட லுங்கி, அஞ்சலை அப்பாவின் காவியேறிய வேட்டி. என் அப்பாவின் துண்டை எத்தனை முறை துவைத்தாலும் தவிட்டு வாசனை போகாது. "உன்னுத தலமாட்டுல வச்சிக்கினா ராத்திரில பசிக்குதுடி" என்று அஞ்சலை சொன்னாள்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கென்று தனியாக வேண்டும் என்று செல்வியின் சாதிக்காரர்கள் சாலையில் இறங்கினார்கள். "எங்கண்ணன் பத்தாவது பாஸு. மாடுதான் மேய்க்கிறான்" என்று செல்வி சொல்வாள். அஞ்சலை ஊசியில் நூலைக் கோத்தபடி, "கேக்கட்டுமே, கேட்டாத்தான குடுப்பாங்க" என்பாள். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது. ஹார்ன் சத்தமே இல்லாத பஸ் ஸ்டாண்டை அப்போதுதான் பார்த்தேன். கடைக்கு நடந்துபோய் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் தைக்கக் கொடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்து, "சங்கராபுரம் பக்கம் காலனி ஒண்ண கொளுத்திட்டாங்களாம்" என்றார்.

"எந்த ஊரு?"

"ஊரு பேரு சொல்லல."

பஸ் ஓட ஆரம்பித்ததும் செல்வி வந்தாள். அவள் அண்ணனைப் பிடித்துக் கடலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். அஞ்சலை வரவில்லை. அவள் மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே கிடந்தது. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு செல்வி, "போய் பாத்துட்டு வரலாமாடி?" என்றாள். கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சங்கராபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அப்புறம் நடை. எதிரே கல்வராயன் மலை மேகத்துக்குள் இருந்தது.

மழை பெய்திருந்தது. நனைந்த சாம்பலுக்கு ஒரு நாற்றம் உண்டு, அதை வேறு எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. கூரை இல்லாத மண்சுவர்கள் வரிசையாக நின்றன. தார்ப்பாய்க்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை கருகிய குண்டான் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "வாங்க" என்றாள்.

அவள் அம்மா செல்வியைக் காட்டி, "இது எந்த ஊரு பொண்ணு?" என்று கேட்டார். செல்வி ஊர்ப் பேரைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கூட வேல செய்யறவங்கம்மா" என்றாள் அஞ்சலை.

செல்வி பையிலிருந்து குட்டிப்போர்வையை எடுத்தாள். அந்த மாத முறைக்குத் தைத்தது. அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரம் சுருங்கிக்கினு கீது."

"ஆமாடி."

"எல்லாம் எரிஞ்சிபோச்சி. நீங்க குடுத்ததும் போச்சி. திருப்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுங் கெடயாது."

"குடுக்க வேணாம். நீ வச்சிக்க."

"அப்ப இது மாத்திக்கிறது இல்ல, செல்வி. சும்மா குடுக்கறது." அதை மடித்துச் செல்வியின் கையில் வைத்துவிட்டு மறுபடி குண்டானைத் தேய்த்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

திரும்பும்போது பஸ்ஸில் செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். "ஜெயிலுக்கு அம்மா போயிருந்தப்ப, மரந்தான் வெட்டனோம்னு சொன்னானாம்டி. அதுக்கு மேல நான் கேக்கல" என்றாள். நானும் கேட்கவில்லை. அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. பசித்தது. சங்கராபுரத்தில் இறங்கி ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.

பொங்கல் கழிந்து ஒரு காலை அஞ்சலை கடை வாசலில் வந்து நின்றாள். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள், மூட்டைகளோடு அம்மாவும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார்கள். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு குட்டிப்போர்வையை எடுத்துச் செல்வியிடம் நீட்டினாள். பச்சையில் வெள்ளைப் புள்ளி, மெலிந்த துணி.

"நிவாரணத்துல குடுத்த பொடவ" என்றாள். "இப்ப எங்க வூட்டுத் துணி இதான். உன்னுது எங்க?"

செல்வி அதை மிஷின் டிராயரிலேயே வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தைப் பிரித்து மறுபடி தைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அஞ்சலை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப சரியா கீது."

செல்வியும் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். பெங்களூர் பஸ் நிற்கிறது என்று அவள் அப்பா கூப்பிடும் குரல் கேட்டது. அஞ்சலை என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு அமாவாசை வந்தது, போனது. இரண்டு பேராக மாற்றிக்கொள்ள நாங்கள் முயலவில்லை.

அஞ்சலையைப் பிறகு பார்க்கவில்லை. செல்வி திருக்கோவிலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். கல்யாணங்களில் பார்த்தால் சர்க்கரை, முட்டிவலி என்று பேசிக்கொள்வோம். கடை இருந்த மாடிப்படியை இடித்துவிட்டு இப்போது செல்போன் கடை. என்னிடம் இருந்த குட்டிப்போர்வைகள் சூடான பாத்திரம் இறக்கியே தேய்ந்து, ஒன்றொன்றாக எங்கே போயின என்று தெரியாமல் போய்விட்டன.

போன வருஷம் சங்கராபுரத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனேன். காலனி முழுக்கக் காங்கிரீட் வீடுகள், குழாய், சிமெண்டுத் தெரு. முனையில் டீக்கடை வைத்திருந்த பெண்ணிடம் அஞ்சலை குடும்பத்தைக் கேட்டேன். தெரியாது என்றாள்.

"அப்ப எரிஞ்சிதே, அந்த வூடுங்கல்லாம் இந்தப் பக்கந்தான?" என்றேன்.

"எரிஞ்சிதா?" என்றாள் அவள். "இங்கியா? எப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அதை இறக்கப் போனாள். நான் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.