நாச்சியாபுரத்தா ஏற்றிய சிவப்புக் கொடி

பாண்டீஸ்வரியின் கப்பலுக்கு நாச்சியாபுரத்தா என்று பெயர். சிரிக்காதீர்கள். நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருஷமாகப் புகுந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "நாச்சியாபுரத்தா வச்ச கொழம்புல உப்பு இல்ல." "நாச்சியாபுரத்தாளுக்குக் கடை ஒரு கேடா?" அவளைக் குறை சொல்ல மட்டுமே அந்தப் பெயரை வாயில் எடுப்பார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பாண்டீஸ்வரியை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும்.

கேடா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்றுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டாள். கடை ஜோராக ஓடியது. கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்தபோது கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கிவந்து, உலகமே சேர்ந்து ஆடும் கடல்கொள்ளை விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டாள். இப்போதும் ஆபீஸ்காரர்கள் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் ஆட்டம் உண்டு. வலையபட்டி கிளினிக் நர்ஸ் அனுசுயா அங்கிருந்தபடியே சுக்கான் பிடிப்பாள். பீரங்கியும் அதிகாரமும் பாண்டீஸ்வரிக்கு.

அந்த விளையாட்டில் வெள்ளைக் கொடி ஏற்றினால் ஒரு பயல் சுட முடியாது. பாறையில் மோதி மூழ்கினாலும் கப்பல் திரும்பக் கிடைக்கும். சிவப்புக் கொடி ஏற்றினால் சரக்குக்கு மூன்று மடங்கு புள்ளி. ஆனால் யாரும் சுடலாம், துறைமுகம் சேரும்வரை கொடியை இறக்க முடியாது. மூழ்கினால் மூழ்கியதுதான். அந்தக் கப்பலும் கிடைக்காது, அந்தப் பெயரையும் இனி வைக்க முடியாது. மூன்று வருஷம் பலகை பலகையாகச் சேர்த்த கப்பல் அவளுடையது.

அன்றைக்குக் கப்பல் நிறைய மிளகும் முத்தும் இருந்தன. வெள்ளைக் கொடியில் கொண்டுபோனால் நூறு கப்பலோடு நூற்றியொன்று. சிவப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்த வாரத்து முதல் பத்துக் கப்பல்களின் பெயர் எழுதும் துறைமுகப் பலகையில் இடம்.

ஆதார் நகல் எடுக்க வந்த கொழுந்தன் அருள்பாண்டி பின்னால் நின்று திரையைப் பார்த்தான். அவனும் இதே விளையாட்டை நாலு வருஷமாக ஆடுகிறான், வெள்ளைக் கொடியை இறக்காமல்.

"மதினி, என்ன செய்யிறீக? சேப்புக் கொடியா? இருக்கிறதையும் தொலைக்கப் போறீக!"

"ஏம்ப்பா, நான் கண்ண மூடிக்கிட்டா குதிக்கிறேன்? காத்து நமக்குப் பின்னால. கரை பத்து நிமிசம். கண்ணுக்கு எட்டுன தூரத்துக்கு ஒரே ஒரு கப்பல்தான் நிக்கிது. மூணு மாசமா இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்துக் கெடந்தேன்."

ஏற்றிவிட்டாள். பயம் இல்லாமலா? பயந்துகொண்டேதான் ஏற்றினாள்.

அந்த ஒற்றைக் கப்பல் சும்மா இருக்குமா? அதுவும் சிவப்புக் கொடியை ஏற்றி, திரும்பி விரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மடங்கு பெரிசு. அதில் இருந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, இங்கிலீஷில் கெக்கலித்தார்கள். கப்பல்கள் நெருங்கினால் இவர்கள் பேச்சு அவர்களுக்கும் அவர்கள் பேச்சு இவர்களுக்கும் கேட்கும். முதல் குண்டிலேயே நாச்சியாபுரத்தாளின் பின்பக்கம் பிய்ந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று தலையில் கைவைத்தான் அருள்பாண்டி.

முன்னால் இரண்டு குன்றுகள், நடுவே ஒரு சந்து. வலப்பக்கம் விரிந்த தண்ணீர், பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அடியில் பாறை. போன வாரம் அங்கேதான் மோதினார்கள். பாண்டீஸ்வரி "ரைட், ரைட்" என்றாள். நாள் முழுக்கக் கண்டக்டர்களின் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு ரைட் என்றால் நேரே போ. அனுசுயா வலப்பக்கம் திருப்பித் தொலைத்தாள். வெள்ளைக் கொடியானதால் கப்பல் பிழைத்தது. அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்: ரைட் என்றால் நேரே, வலப்பக்கத்துக்குச் சோத்தாங்கை, இடப்பக்கத்துக்குப் பீச்சாங்கை.

"அக்கா, எங்குட்டுப் போக?" அனுசுயா கத்தினாள்.

"ரைட்!" வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது.

பின்னால் வந்த பெரிய கப்பலின் மூக்கு லேசாக வலப்பக்கம் ஒடிந்தது. பாண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். அடப் பாவிகளா, நான் சொல்வதைக் கேட்டா ஓட்டுகிறீர்கள்? மைக்கை வாயருகே இழுத்து, கடையே அதிரக் கத்தினாள்.

"ரைட்! ரைட்! போலாம் ரைட்டேய்!"

வெளியே கிளம்ப நின்ற டவுன் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

அனுசுயா நேரே சந்துக்குள் விட்டாள். குறுக்கே புகுந்து மறிக்கப் பார்த்த பெரிய கப்பல் முழு வேகத்தில் வலப்பக்கம் பாய்ந்து பாறையில் ஏறி நின்றது. கெக்கலிப்பு அடங்கி, கெட்ட வார்த்தைகள் கேட்டன.

"இப்பத் திருப்புடி, பீச்சாங்கை!"

சந்தைத் தாண்டி, இடப்பக்கக் குன்றைச் சுற்றி அவர்களுக்குப் பின்னால் வந்து, அசைய முடியாமல் நின்றவர்களை நிதானமாகச் சுட்டாள். ஆறு குண்டு. பெரிய கப்பல் தண்ணீருக்குள் போனது. அதன் சரக்குப் பெட்டிகள் மிதந்தன.

"போதும் மதினி, கரைக்கு ஓடிருங்க. ஓட்டக் கப்பல்!"

அவளும் பெட்டிகளைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டுத் துறைமுகம் போய்ச் சேர்ந்தாள்.

அருள்பாண்டிக்கு மனசு ஆறவில்லை. "கப்பல் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"போயிருந்தா அழுதிருப்பேன். ஏத்துனது என் கை, போனாலும் என் கையால போயிருக்கும். பூட்டியே வச்சிருந்தா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

திரையில் பலகை விரிந்தது. உலகத்துப் பெயர்களுக்கு நடுவே, எட்டாவதாக, தமிழில் ஒரு பெயர். அருள்பாண்டி ஆதார் நகலை மடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"வாசிங்க கொழுந்தனாரே."

"நாச்சியாபுரத்தா" என்று முனகினான்.

"வீட்டுல சொல்ற மாதிரி, சத்தமா!"