உறை அச்சுக்காகக் குத்திய காது

அந்த யோசனை அப்பாவுக்கு உதித்த கணத்தில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தேன். நாலாவது தடவையாக அரியலூர் பேங்குக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தவரின் பார்வை மெல்ல நகர்ந்து என் காதில் வந்து நின்றது.

"பாப்பாவுக்குக் காது குத்திடலாமா?" என்றார் அம்மாவிடம்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "குத்தி நாலு வருசம் ஆவுது. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தூந்து போச்சுன்னு சொல்லிக்கலாம்."

பேங்க் விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. அப்பா கிணற்றுக்குச் சிமெண்ட் உறை வார்ப்பவர். ஒற்றை ஆள், கலவை போடுவதும் அவர்தான், காய்ந்த உறையை உருட்டிக்கொண்டு போவதும் அவர்தான். வார்க்கிற இரும்பு அச்சு மட்டும் சொந்தமில்லை. டவுன் காண்டிராக்டர் ஒருவரிடம் வாடகைக்கு எடுப்பார். எழுபதுகளின் கடைசியில், யூனியன் ஆபீஸிலிருந்து ஆறு கிணறுகளுக்கு உறை இறக்கும் வேலை நேராக அப்பாவுக்கே வந்தது. சிமெண்டுக்குப் பர்மிட்டும் கிடைத்தது. மறுநாளே அந்தக் காண்டிராக்டர் அச்சைத் தர முடியாது என்றுவிட்டார். சித்திரைக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஆர்டர் அவர் கைக்குப் போய்விடும். திருச்சியில் சொந்தமாக ஒரு அச்சு அடித்து வாங்கப் பணம் வேண்டும். அதற்குத்தான் இந்த நாலு நடை.

மானேஜர் பட்டா கேட்டார். எங்களுக்கு நிலம் ஏது? அப்பாவின் அப்பா வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அப்படியானால் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எங்கள் சொந்தத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கியவர் ஒருவருமில்லை. இத்தனைக்கும் நிலக்காரர்களுக்குக் கிணறு வெட்டக் கடன் கொடுத்ததும் அதே பேங்க்தான். கிணறு வெட்டுகிறவருக்குக் கொடுப்பார்களாம், அந்தக் கிணறு சரியாமல் உறை வார்க்கிறவருக்குக் கொடுக்க மாட்டார்களாம். இப்போது எழுதும்போதும் பேனா அழுந்துகிறது.

ஆக, பட்டா இல்லாத எங்கள் குடும்பத்தில் அடமானம் வைக்க மிச்சமிருந்தது என் காது. விசேஷம் வைத்தால் மொய் விழும். மொய் விழுந்தால் அச்சு வரும்.

பத்து நாளைக்கு முன்பே அம்மா என் கம்மலைக் கழற்றிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் துளை தூர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமாம். ஐந்தாம் வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிறவள், 'வாய்மை' என்று கட்டுரை எழுதிச் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள், நான் பொய் சொல்ல வேண்டுமாம். தாய்மாமனுக்கும் சந்தோஷமில்லை. "ஒரு காதுக்கு எத்தன தடவ மச்சான் சீர் செய்யிறது?" என்று அவர் கேட்டதற்கு அப்பா, "இதான் கடைசி மாப்ள" என்றார்.

விசேஷத்தன்று பந்தல், ரேடியோ செட், ஆட்டுக்கறி எல்லாம் இருந்தன. வாசலில் மேசை போட்டு ஒருவர் மொய் எழுதிக்கொண்டிருந்தார். என்னை மாமாவின் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி என் காதைத் திருப்பிப் பார்த்தார், இருந்த துளையைப் பார்த்தார், கொஞ்சம் மேலே தள்ளிச் சந்தனத்தால் புள்ளி வைத்தார். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். மாமா கொண்டுவந்த சீர்த் தாம்பாளத்தை முன்னால் வைத்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. வெற்றிலை பாக்குக்கு நடுவே இருந்தது என் பழைய கம்மல்! பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். ஆனால் ஒரு சிவப்புக் கல் விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"இது என் கம்மல்! எனக்கு முன்னாடியே காது குத்தியாச்சு! அச்சு வாங்குறதுக்காகப் பொய் சொல்றாங்க!"

பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். ரேடியோ செட்காரர்கூடப் பாட்டை நிறுத்தினார் என்று நினைவு. அது என் மிகையாகவும் இருக்கலாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் வாயைத் திறந்தவள் பெரியம்மா, அம்மாவின் அக்கா. உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல்நுனியெல்லாம் கறுத்துப் போனவள். "அடி போடி இவளே! அது தெரியாமயா ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்? காதக் காட்டு, பந்தி ஆறுது!"

சிரிப்பு வெடித்தது. "எங்க வூட்டுப் பயலுக்கு மூணாந்தடவ குத்தும்போது சொல்லி அனுப்புறேன், எல்லாரும் வந்துடுங்க" என்றார் ஒருவர். நான் திகைத்து வாயைப் பிளந்த நேரத்தில் ஆசாரி குத்திவிட்டார். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மொய் மேசைக்குப் போனாள்.

எல்லாருக்கும் தெரிந்திருந்தது! தெரிந்தே நோட்டீஸ் வாங்கிக்கொண்டு, தெரிந்தே வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, தெரிந்தே "நல்லா இருக்கணும்" என்று ஆசீர்வாதம் செய்தார்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டு ஒரு பொய்யைக் கறிச்சோறு போட்டு வளர்க்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. அவர் வாய்விட்டுக் கடன் கேட்க நேராமல் இருக்கத்தான் அத்தனை பேரும் என் காதைப் பார்க்க வந்தார்கள் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

அச்சு வந்தது. ஆறு கிணற்றுக்கும் உறை இறங்கியது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு விருந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். செந்துறைப் பக்கம் கல்யாணமா, பெரம்பலூர்ப் பக்கம் கிரகப்பிரவேசமா, மழையானாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். "ஓசிச் சோத்துக்கு அலையிறாரு" என்று என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டேன். காதில் இரட்டைத் துளையைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் ஸ்டைலா என்று கேட்பார்கள். இல்லை, உறை அச்சு என்பேன், யாருக்கும் புரியாது. அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஹாலோபிளாக் மிஷின் ஒன்று போட்டால் நானே தொழிலை நடத்திவிடுவேன். போன வாரம் அதே பேங்குக்குப் போனேன். மானேஜர் புதியவர், கேள்வி பழையது. கூடவே ஒன்று சேர்த்துக் கேட்டார்: "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி கடன் வாங்கி ஒழுங்கா கட்டினதுக்கு அத்தாட்சி ஏதாவது இருக்காம்மா?"

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். என் காதுகுத்து மொய் நோட்டு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், இன்ன விசேஷத்தில் திருப்பிச் செய்தது, எழுதியதைவிடக் கூடுதலாகச் செய்தது என்று குறித்து, குறுக்கே ஒரு கோடு. எட்டு வருஷம். அந்த ஓசிச் சோறெல்லாம் தவணை.

கோடு விழாமல் இருந்தது ஒரே ஒரு வரி: பெரியம்மா. அந்த நோட்டிலேயே பெரிய தொகை அதுதான்.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் வீட்டில் காது குத்தவோ கல்யாணம் செய்யவோ யாருமில்லை. அந்த மொய் திரும்பி வர வழியே கிடையாது. கையில் கொண்டுபோய்க் கொடுத்தபோதும், "விசேசம் இல்லாத வூட்டுல எதுக்கு மொய்யி?" என்று அப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அன்று மேசைக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்தபோதே அவளுக்கு இது தெரியும். காது எரிகிறதென்று அழுதுகொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் உடையார்பாளையம் போய் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே பேங்குக்குப் போகிறேன். மொய் நோட்டை மேசைமேல் விரித்து வைப்பேன். மானேஜர் அந்த ஒரு வரியில் விரல் வைத்து இது மட்டும் ஏன் கட்டவில்லை என்று கேட்பார். கேட்கட்டும். பெரியம்மா பதில் சொல்லுவாள்.