எழுந்து நின்றதால் வந்த வகுப்பு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தலைமை ஆசிரியர் உள்ளே வந்தால் என் கால்கள் தாமாகவே எழும்பிவிடும். மெல்பேர்னில் ஆங்கில ஆசிரியனாகச் சேர்ந்த முதல் டிசம்பரிலும் அப்படித்தான் நடந்தது. ஆசிரியர் அறைக்குள் வந்த தலைமை ஆசிரியர், "புதிதாகக் குடியேறிய தாய்மாருக்கு ஜனவரி விடுமுறையில் வகுப்பெடுக்க யார் தயார்?" என்று கேட்டார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"மிக்க நன்றி!" என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பொங்கலுக்குச் சிட்னி வருவதாக நண்பனுக்குச் சொல்லியிருந்தேன். வகுப்பைப் பற்றிச் சொன்னதும் தொலைபேசியில் கத்தினான்: "ஏன்டா ஓம் எண்டு சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையடா. சும்மா எழும்பினனான்."

"சரி, இருந்து படிப்பி. பொங்கலுக்கு நான் அங்கை வாறன்."

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் கிரேக்க, இத்தாலியப் பெண்கள் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பகீரென்றது. சைகை காட்டி உட்கார வைத்தேன். யார் வந்தாலும் எழும்பக் கூடாது என்பதே முதல் பாடமாயிற்று.

பொங்கலன்று நண்பன் வகுப்புக்குள் வந்தபோது ஒருவரும் அசையவில்லை.

"என்னடா, ஒரு மரியாதை இல்லை?" என்றான்.

எனக்குப் பெருமையாக இருந்தது.