பங்குனியில் எடுத்த களை

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்குப் புல் முளைத்த தரையைப் பார்த்தால் கை அரிக்கும். அதற்கு முன்னால் நான் வடகரையில் வயல்காட்டில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் நெல்லுக்குள் களை நின்றால் ‘அவன் வீட்டுல ஆளே இல்லையா’ என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். இந்த இரண்டு புத்தியும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்தது. என்னை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை.

ஓய்வுபெற்று வந்ததும் மேற்கே மலையடிவாரத்து அணையில் ஒரு வேலை கிடைத்தது. அணைக்குக் கீழே கரண்ட் எடுக்கிறார்கள். அணை கட்டின காலத்தில் தண்ணீரைச் சுற்றியிருந்த காட்டை அழித்துத் தைலமரம் வைத்திருந்தார்கள். இப்போது அதை வெட்டிவிட்டு, முன்பு அங்கே நின்ற மரங்களையே திரும்பக் கொண்டுவர ஒரு திட்டம். எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர். குழி எண்ணுவதும் ஆட்களை விரட்டுவதும்தான் வேலை.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். என்னை அண்ணாச்சி என்பாள், நான் தாயி என்பேன். அவள் குடும்பத்துச் சாஸ்தா கோயில் அந்தத் தண்ணீர்க் கரையில்தான் இருந்தது. கோயில் என்றால் கட்டடம் கிடையாது. நாலு பீடம், ஒரு கோங்கு மரம். சுற்றியிருந்த காடு தண்ணீருக்கும் தைலமரத்துக்கும் போன பிறகும் அந்த ஒற்றை மரம் தப்பி நின்றது. பங்குனி உத்திரத்துக்கு அதன் அடியில் பொங்கலிடுவார்கள். அதற்கு விறகைக்கூட வீட்டிலிருந்து கட்டிச் சுமந்து வருவார்கள். சாஸ்தா எல்லைக்குள் அரிவாள் போகக் கூடாது, கீழே கிடக்கும் சுள்ளியையும் எடுக்கக் கூடாது. எங்கள் சாஸ்தாவுக்கும் அதே கட்டுப்பாடுதான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கோங்கு வருஷா வருஷம் காய்க்கிற மரம் இல்லை. காய்த்தாலும் விதை ஒரு வாரம் தாங்காது. கடைசியாக அது காய்த்த வருஷம், அவள் பூக்கட்டிப் போட்டுப் பார்த்துச் சாமியிடம் உத்தரவு வாங்கி, விதைகளை முந்தானையில் பொறுக்கினாள். அன்றைக்கே பைகளில் ஊன்றினாள். அந்த ஐப்பசி வெள்ளத்தில் கரை இடிந்து மரம் தண்ணீருக்குள் சாய்ந்துவிட்டது. அந்த மரத்துக்கு வாரிசு என்று மிஞ்சியது அவள் வளர்த்த முப்பத்தோரு கன்றுகள்தான்.

இரண்டு வருஷம் வளர்த்து, ஒரு ஐப்பசி மழையில் பீடங்களைச் சுற்றி அவளே நட்டாள். எனக்கு நூல் பிடித்து வரிசையாக வைக்க வேண்டும். அவளோ உண்ணிச்செடியும் விராலியும் மண்டிய புதருக்குள் குனிந்து போய், ஒவ்வொரு கன்றுக்கும் நிழல் தேடி வைத்தாள். “பச்சப்புள்ள அண்ணாச்சி, வெயிலு தாங்காது. தலை எடுக்கட்டும்,” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. படம் எடுக்க வருகிற அதிகாரிக்குப் புதரையா காட்டுவது?

பங்குனி பிறந்ததும் புளியங்குடியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம் என்று கிளம்பினாள். போகும்போது, “நான் வாரது வரைக்கும் அங்கன கைய வச்சிராதிய,” என்று சொன்னாள். சரி என்றேன்.

உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் திரும்பி வந்து பார்த்து மலைத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆறு ஆட்களை இறக்கினேன். அவர்களில் ஒருவன், “அந்தம்மா வந்திரட்டும்லா அண்ணாச்சி,” என்று இழுத்தான். “ஏலே, சொன்னதச் செய்லே,” என்று அவன் வாயை அடைத்தேன். பீடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் மட்டும் கையால் பிடுங்கச் சொன்னேன், அதற்கு வெளியே அரிவாள். சாமிக்கே எல்லை அளந்து கொடுத்த பெரிய மனுஷன் நான்.

இரண்டே நாளில் தரை மொட்டையாகிவிட்டது. ஒவ்வொரு கன்றுக்கும் வட்டமாகப் பாத்தி கட்டினோம். போட்டோ எடுத்து அனுப்பினேன். மேலதிகாரி கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பயந்துபோய் அணையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். வடகரையிலிருந்து தென்னங்கீற்று கொண்டுவந்து நிழல் கட்டினோம். ஏழாம் நாள் அவள் வந்தாள்.

கீற்றை விலக்கி, முதல் கன்றின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. அடுத்ததற்குப் போனாள். முப்பத்தொன்றையும் பார்த்து முடிக்கிறவரை நான் பின்னாலேயே நடந்தேன்.

“யாரு வெட்டச் சொன்னா?”

“நாந்தான் தாயி.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பீடத்தருகே உட்கார்ந்து நகத்துக்குள் இருந்த பட்டைத் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாரல் விழுந்தால் வேரிலிருந்து துளிர்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆனி வரை இருந்தேன். சாரல் நன்றாகவே விழுந்தது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் தென்காசியிலேயே வரிசை கட்டி நின்றன. நான் தினமும் முப்பத்தோரு இடத்தையும் குனிந்து பார்த்தேன். உண்ணிச்செடி துளிர்த்தது, விராலி துளிர்த்தது. கோங்கு ஒன்றுகூட வரவில்லை.

இந்தப் பங்குனிக்குள் புதர் தோள் உயரம் வந்துவிட்டது. உள்ளே கைவிட்டால் மண் குளிர்ச்சியாக இருக்கிறது. அவள் கேட்ட நிழல் முழுசாகத் திரும்பிவிட்டது.

உத்திரத்தன்று அவள் பானையும் அரிசியும் வெல்லமும் கொண்டுவந்து இறக்கினாள். விறகுக் கட்டைக் காணோம்.

“விறக மறந்துட்டியா தாயி? நான் போயி எடுத்துட்டு வாரேன்,” என்றேன்.

“மறக்கல அண்ணாச்சி.”

எழுந்து புதரைத் தாண்டி வெளியே போனாள். அங்கே ஒரு தைலமரத்து முண்டில் என் அரிவாளைக் கொத்தி வைத்துவிட்டு வந்திருந்தேன். இப்போதெல்லாம் எல்லை விஷயத்தில் நான் ரொம்பக் கவனம். அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“தாயி, சாமி எல்லை,” என்றேன்.

“இங்கன இனி எதுக்கு எல்லை?”

முதல் கன்று நின்ற இடத்துப் புதரைக் குனிந்து அடியோடு வெட்டினாள். கிளைகளை ஒடித்து அடுப்பில் வைத்தாள். பச்சை விறகு. வெகுநேரம் புகைதான் வந்தது.