எட்டு இலக்கமும் வேண்டும்

தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் பித்தளை மூடிகளுக்கு நம்பர் குத்துவது அவள் வேலை. இலக்க அச்சை வைத்து, சுத்தியலால் ஒரே போடு. இருபத்தாறு வருஷமாக அதே பெஞ்சு. எல்லோரும் அவளை வகுத்தலக்கா என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஊர்வம்பு பேச, இவள் அட்டைப்பெட்டிக் கிழிசலில் நம்பரை வகுத்துக்கொண்டிருப்பாள். கிண்டல் செய்தவர்களை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை.

அவள் காத்திருந்த நம்பர் ஒன்று உண்டு: 73939133. அது பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் வகுபடாது. இன்னொன்றை வெட்டினால் 739391, அதுவும் அப்படியே. கடைசியில் ஒற்றை 7 நிற்கும்வரை மசியாது. இந்தக் குணமுள்ள எண்களில் ஆகப் பெரியது இதுதான். செய்தித்தாள் மூலையில் படித்தபோது அவள் நம்பவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல், இரண்டு வருஷச் சாப்பாட்டு நேரம், எல்லாம் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அதன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

மீட்டர் வரிசையில் அந்த நம்பர் வர வேண்டிய காலையில் புது மூடிகள் வந்தன. அளவில் சின்னவை, எட்டு இலக்கம் ஒரு வரியில் அடங்காது.

"கடைசி இலக்கத்தை விட்டுட்டுக் குத்துங்க" என்றார் சூப்பர்வைசர்.

"தப்பாயிடும் சார்."

"என்னக்கா தப்பு? வாலை வெட்டினாலும் அது கெத்தா நிக்கும்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க? மேலிடத்து உத்தரவு. முடியாதுன்னா நாளைலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க."

என் எண்ணை வைத்தே என் வாயை அடைக்கிறானே இந்த மனுஷன் என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேக்கிங் என்றால் அச்சும் இல்லை, எண்ணும் இல்லை. டேப் ஒட்டியே காலம் போகும். பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து மூடிகளைக் குத்தி, தட்டில் போட்டு அவர் மேஜையில் வைத்தாள்.

"சொன்னபடியே குத்திட்டேன். முப்பதுல முடியறதுலேர்ந்து முப்பத்தொன்பதுல முடியறது வரைக்கும் பத்து. இதுல என் நம்பர் எது? எடுங்க."

பத்திலும் 7393913. அவர் ஒன்றைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். முகம் தொங்கிப்போயிற்று.

"வெட்டினாலும் வகுபடாது, வாஸ்தவம். ஆனா பத்து வீட்டுக்கும் ஒரே நம்பர். மீட்டர் ஓடலைன்னு ஒருத்தர் வந்து நின்னா எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீங்க?"

"என்னைக் கேட்டா? மேல சொன்னது..."

"அப்ப மேலயே கொண்டுபோய் எடுக்கச் சொல்லுங்க. பேக்கிங் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புது மூடியின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். வரிசைப்படி முப்பதில் தொடங்க வேண்டும். அவள் தன் எண்ணில் தொடங்கினாள். மேலே 7393, கீழே 9133. எட்டு அடியும் ஷெட் முழுக்கக் கேட்டது.

அரை மணி கழித்து இறங்கி வந்தவர், அவளை நேராகப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு வரியாக் குத்தச் சொல்லிட்டாங்க."

"குத்தியாச்சு" என்றாள் அவள்.